வாலுக்குத் துணையாள்

ஒரு காட்டில் விசா சாளரத்தின் முன்னால் வரிசை நகர்ந்தது. மரிக்கொழுந்து என்கிற அரணை சாளரத்தின் விளிம்பில் தாவி ஏறி, வாயில் கவ்விக் கொண்டுவந்த கடிதத்தை உள்ளே தள்ளினாள்.

உள்ளே இருந்தவர் தாண்டவராயன் என்கிற உடும்பு. ஆற்றின் அக்கரையில் இருக்கிற காட்டுக்குப் போகிறவர்களுக்கு இக்கரையில் உட்கார்ந்து விசா கொடுப்பவர். எதைப் பிடித்தாலும் விடாத குலம் என்று அவருக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவர் பிடித்துக்கொண்டது விதிகளை.

"யாரைப் பார்க்கப் போறீங்க?"

"பார்க்க இல்லை சார், சேர்ந்து இருக்க. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு புத்துக்குக் காவல் இருக்கார்."

"கல்யாணம் ஆனதுக்கு அத்தாட்சி?"

"தவளை கையெழுத்துப் போட்டிருக்கு பாருங்க."

"ஒரே ஈரமா இருக்கே."

"தவளை கையெழுத்து வேற எப்படி சார் இருக்கும்?"

தாண்டவராயன் கடிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. மருத்துவக் காப்பீடு எங்கே?" என்றார்.

அது அக்கரைக் காட்டின் புது விதி. குடும்பத்தோடு சேர வருகிறவர்கள் வந்த இடத்தில் நோயில் விழுந்து, அங்கிருக்கும் ஆலமரத்து ஆஸ்பத்திரிக்குப் பாரமாகிவிடக் கூடாது. அதனால் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். பாரம் என்று அவர்கள் சொன்னது யானையை மனதில் வைத்து என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஆனால் விதி அரணைக்கும் ஒன்றுதான்.

"நான் நோயில விழுந்ததே இல்லை சார்."

"விழாதவங்களுக்குத்தான் காப்பீடு தருவாங்க. விழுந்தவங்களுக்கு யார் தருவாங்க?"

"அப்போ அக்கரைக்குப் போய் எடுத்துக்கறேன்."

"அங்கே குடியிருக்கறவங்களுக்குத்தான் அங்கே தருவாங்க."

"குடியிருக்கணும்னா?"

"விசா வேணும்."

"விசாவுக்கு?"

"காப்பீடு வேணும்." உடும்பின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. "நீங்க சட்டுனு பிடிச்சுக்கிட்டீங்க. போன வாரம் ஒரு கரடி வந்திருந்தார். சாயங்காலம் வரைக்கும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

மரிக்கொழுந்து இறங்கவில்லை. மேற்கே மலை உச்சியில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கிற ஒரு மருதமரம்தான் இரண்டு காட்டுக்கும் பாலம். மழை பிடித்தால் அது முழுகிவிடும். அடுத்த கோடைக்குத்தான் மறுபடி தலைகாட்டும். அவளுக்குக் கல்யாணமான மறுநாளே வானம் கறுத்தது. புருஷன் சடையன் வேலையை விட்டுவிட முடியாமல் மரம் முழுகுவதற்குள் அக்கரைக்கு ஓடினான். அன்று முதல் தவளைகள் வழியாகத்தான் குடும்பம் நடந்தது. இக்கரைத் தவளை கத்தி, அக்கரைத் தவளை கேட்டு, திரும்பக் கத்தும். ஊரே கேட்கும் என்பதால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் இருவரும் எதுவும் சொல்லிக்கொண்டதில்லை.

"வேற வழியே இல்லையா சார்?"

"குளக்கரையில வெள்ளைச்சாமின்னு ஒரு கொக்கு பயணக் காப்பீட்டுத் திட்டம் விக்கறார். அதை ஏத்துக்குவோம். வாங்கிட்டு வந்து வரிசையில நில்லுங்க."

வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. அதில் நின்றவர்களில் பாதிப் பேர் கற்கள். வெளியே போகிறவர் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. முன்னால் இருக்கிற ஆள் நகரும்போது பின்னால் இருப்பவர் அந்தக் கல்லையும் உருட்டிவிட வேண்டும். யாரும் அதை ஏமாற்றியதில்லை. சாளரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்ற வேலம்மாள் என்கிற முள்ளம்பன்றி மரிக்கொழுந்தைக் கூப்பிட்டாள்.

"இந்தா, எனக்கு முன்னால ஒரு கல்லை வச்சுட்டு ஓடு. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க காப்பீடு எடுத்தாச்சா அக்கா?"

"எங்கே? ரத்தம் எடுக்க வந்த கொசுவுக்கு உட்கார இடம் கிடைக்கலையாம். ஒத்துழைக்கலைன்னு எழுதிட்டான் அந்தக் கொக்கு. மகனைப் பார்த்து எத்தனை காலம் ஆச்சு. அதிகாரி மனசு மாறுவாரான்னு தினமும் வந்து நிக்கறேன்."

"உடும்பு மனசு மாறுமா அக்கா?"

"மாறாது. ஆனா நிக்கறதுக்குக் காசில்லை பாரு."

குளக்கரையில் வெள்ளைச்சாமி ஒற்றைக் காலில் நின்றபடி அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தட்டையான பாறை. அதுதான் மேசை.

"வாம்மா தங்கச்சி. சளி, இருமல், மூட்டுவலி ஏதாவது முன்னாடி இருந்ததா?"

"ஞாபகம் இல்லை அண்ணே."

"உங்க குலத்துக்கு மறதி ஜாஸ்தின்னு சொல்வாங்க."

"ஆமாம், சொல்றாங்க. யார் முதல்ல சொன்னாங்கன்னுதான் ஞாபகம் இல்லை."

"நல்லதாப் போச்சு. ஞாபகத்துல இல்லாத நோய் எங்க கணக்குல நோயே இல்லை. மேலே ஏறி நேரா படு. தலையிலேருந்து வால் நுனி வரைக்கும் பார்த்து எழுதிடறேன்."

அவர் எழுதினார். கண் இரண்டு, கால் நான்கு, வால் ஒன்று, பளபளப்பு நன்று. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் குளத்தில் ஒரு கெளுத்தி துள்ளியது. வேலை நேரத்தில் சாப்பிடுவதில்லை என்பது வெள்ளைச்சாமியின் கொள்கை. கொள்கை தலைக்குள் இருந்தது, அலகு வெளியே இருந்தது. அலகு மரிக்கொழுந்தைத் தாண்டிப் பாய்ந்து மீனைக் கொத்தியது. அவள் மீனைப் பார்க்கவில்லை, அலகை மட்டும்தான் பார்த்தாள். பயந்தால் அரணை என்ன செய்யுமோ அதைச் செய்தாள். அவள் புதருக்குள் கிடந்தாள். வால் மட்டும் பாறைமேல் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

வெள்ளைச்சாமி மீனை விழுங்கிவிட்டு, எழுதியதை ஒருமுறை படித்தார்.

"வால் ஒன்றுன்னு எழுதிட்டேனே தங்கச்சி."

"வளர்ந்துடும் அண்ணே. எங்களுக்கு வளரும்."

"வளரட்டும். ஆனா அது வேற வால். இப்போதைக்கு நீ குறையுள்ள உடம்பு. குறையுள்ள உடம்புக்குத் திட்டம் கிடையாது. வளர்ந்த பிறகு வா."

"அதுக்குள்ள மழை வந்துடும்."

"மழைக்கு நாங்க காப்பீடு தர்றதில்லை."

மரிக்கொழுந்து புதரைவிட்டு வெளியே வந்தாள். உடம்பு லேசாகி, நடை பழகாமல் முன்பக்கமாகச் சாய்ந்தது. அழலாமா என்று யோசித்தாள். பாறைமேல் வால் அப்போதும் உற்சாகமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை போய் வேறொன்று வந்தது.

"அண்ணே, என்கிட்ட குறை இருக்கு. சரி. அந்த வால்கிட்ட என்ன குறை?"

கொக்கு குனிந்து பார்த்தார். காலை மாற்றி நின்று மறுபடியும் பார்த்தார்.

"வாலை எப்படிம்மா ஆளா எடுத்துக்கறது?"

"அங்கே வரிசையில போய்ப் பாருங்க. கல்லை ஆளா எடுத்துக்கறாங்க. என் வால் ஒரு கல்லைவிடக் கேவலமா? இதாவது அசையுது."

வெள்ளைச்சாமி கணக்குப் பார்த்தார். மாதக் கடைசி. அந்த மாதம் ஒருவருக்குக்கூட அவர் திட்டத்தை விற்றிருக்கவில்லை, ஏனென்றால் வந்த எல்லோருக்கும் உடம்பு இருந்தது. அவர் வாலைப் பரிசோதித்தார். இதயக் கோளாறு இல்லை, இதயமே இல்லை. பல்வலி வர வாய்ப்பில்லை. சாப்பிடாது என்பதால் அஜீரணம் வராது. வயது, பிறந்து சற்று நேரம். முன்பிருந்த நோய் ஏதும் இல்லை, ஏனென்றால் முன்பு அதுவே இல்லை. இத்தனை ஆரோக்கியமான வாடிக்கையாளரை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார்.

மரிக்கொழுந்து வாலைக் கவ்விக்கொண்டு திரும்பியபோது அவளுடைய கல் சாளரத்தின் முன்னால் வந்து நின்றிருந்தது. வேலம்மாள் கல்லை ஒதுக்கி வழிவிட்டாள். வானத்தில் பாதி கறுத்துவிட்டது.

"இது என்ன?" என்றார் தாண்டவராயன்.

"விண்ணப்பதாரர் சார்."

அவர் காப்பீட்டை முன்னும் பின்னும் படித்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இன்ன உறுப்பு வரக் கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.

"சடையனுக்கு இது என்ன உறவு?"

"அவர் பெண்டாட்டியோட வால்."

"நெருங்கிய உறவுதான்." அவர் வாலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அக்கரையில ஒழுங்கா நடந்துக்குவீங்களா?"

மரிக்கொழுந்து யாரும் பார்க்காதபடி வாலை ஒரு விரலால் தொட்டாள். அது நெளிந்தது.

"பேச மாட்டாரா?"

"மாட்டார் சார்."

"தானா நடப்பாரா?"

"மாட்டார் சார்."

தாண்டவராயன் பெருமூச்சு விட்டார். "அப்போ தனியா அனுப்ப முடியாது. தானா நடக்க முடியாதவங்க கூட ஒரு துணையாள் போயே ஆகணும். யாராவது இருக்காங்களா?"

மரிக்கொழுந்து மெதுவாகத்தான் கேட்டாள். "துணையாளுக்குக் காப்பீடு வேணுமா சார்?"

"எதுக்கு? துணையாள் வேலையா போறாங்க. குடும்பத்தோட சேரப் போறவங்களுக்குத்தான் விதி." அவர் முத்திரையை எடுத்து வாலின்மேல் ஒன்று குத்தினார். துணையாளுக்கு ஒரு இலையில் ஒன்று குத்தினார். "பத்திரமா பார்த்துக்கங்க. அவருக்கு உங்களை விட்டா யாரும் இல்லைபோல இருக்கு."

வேலம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தன் முறை வந்ததும் அவள் சாளரத்துக்குப் போகவில்லை. முதுகிலிருந்து நல்ல முள்ளாக ஒன்றைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு குளக்கரைப் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற சாரைப்பாம்பு, "அக்கா, போன மாசம் உரிச்ச சட்டை வீட்டுல இருக்கு, அது ஆகுமா?" என்று கேட்டது.

"புதுசா இருந்தா நல்லது. பழசுன்னா நோய் இருந்ததான்னு கேப்பான்" என்றாள் வேலம்மாள்.

மருதமரத்தின் பாதியில் மரிக்கொழுந்து நடந்துகொண்டிருந்தபோது முதல் தூறல் விழுந்தது. வால் இல்லாமல் வழுக்கு மரத்தில் நடப்பது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை சறுக்கி, பாசியில் நகத்தை ஊன்றித் தொங்கினாள். வாயில் இருந்த வாலை மட்டும் விடவில்லை. அது விழுந்தால் அவளுக்கு அக்கரையில் வேலை இல்லை. மெல்ல மேலே ஏறி, மிச்சத்தை வயிற்றால் தேய்த்துக்கொண்டே கடந்தாள்.

அக்கரையில் சடையன் புற்றுக்குப் பக்கத்துப் பாறையில் இருந்தான். தூறல் ஆற்றோடு நின்றுவிட்டது. மேகத்துக்கும் மலைக்கும் நடுவே மிச்சமிருந்த வெயில் அந்தப் பாறைமேல் சின்னதாக ஒரு துண்டு விழுந்திருந்தது. அவளை அவன் முதலில் அடையாளம் காணவில்லை. பாதி நீளத்தில் ஒருத்தி வாயில் எதையோ கவ்விக்கொண்டு வருகிறாள் என்றுதான் பார்த்தான்.

"மரிக்கொழுந்தா? வால் எங்கே புள்ள?"

அவள் வாலைக் கீழே வைத்தாள். "இவருக்குத்தான் விசா. நான் கூட வந்த ஆள்."

அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் திறந்த வாயை மூடாமல் கேட்டான். கடைசியில் வாலை ஒருமுறை தட்டிப் பார்த்தான். அது அசையவில்லை.

"இது நின்னு போச்சே. இப்போ உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா?"

"துணையாள் எப்போ திரும்பணும்னு இலையில போட்டிருக்கு. படிங்க."

அவன் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். "நோயாளி குணமாகி எழுந்து நடந்ததும் துணையாள் திரும்பிவிட வேண்டும்."

இருவரும் வாலைப் பார்த்தார்கள்.

"நல்லா கவனிச்சுக்கணும்" என்றான் சடையன்.

"கவனிச்சுக்கலாம்" என்றாள் மரிக்கொழுந்து. "அவசரம் ஒண்ணும் இல்லை."

பின்னால் ஆற்றில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. அக்கரைத் தவளை எதையோ கத்தியது. பாறைமேல் வெயில் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. சடையன் அதை அவளுக்கு விட்டு நகர்ந்து நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

நீதி: குடும்பத்தோடு சேர விரும்புகிறவர் முழு ஆளாகப் போய் வரிசையில் நிற்கக் கூடாது. நோய் வர வழியில்லாத ஏதாவது ஒரு துண்டை முதலில் அனுப்ப வேண்டும். மீதி ஆள் துணைக்குப் போய்க்கொள்ளலாம்.