ஐஸ் பெட்டியில வந்த நல்ல பூஞ்சை

நீடாமங்கலத்துல பஸ் ஏறி திருத்துறைப்பூண்டி போயி, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான் அன்னைக்கு வேலை.

பாத்தியில என் மகோகனி கன்னு தினம் ரெண்டு மூணு தண்டு அழுகிச் சாயுது. அது வீட்டம்மா கீரை போட்டிருந்த பாத்தி. சண்டை போட்டு வாங்கினேன். "இதுக்கு மேலயும் செத்துதுன்னா பாத்தி எனக்குங்க"ன்னு தீர்ப்பு சொல்லிட்டா.

வேளாண்மை ஆபீஸர் பாக்கெட்டைக் குடுத்தாரு. "இது நல்ல பூஞ்சை. கெட்ட பூஞ்சையை அழிச்சுடும். ஆனா உயிருங்க ஐயா! வெயில் படக்கூடாது, சூடு ஆகாது. தொழு உரத்துல கலந்து போடுங்க."

பஸ்ஸுல எனக்குக் கிடைச்சது வெயில் பக்கம். பாக்கெட் இருந்த பை மேல குடையை விரிச்சேன்.

"என்ன பெரியவரே, பஸ்ஸு ஒழுகுதா?"ன்னாரு கண்டக்டர்.

"எனக்கில்ல தம்பி, இந்தப் பைக்கு. உள்ள உயிரு இருக்கு."

"என்ன உயிரு?"

"கோடிக்கணக்குல இருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

பக்கத்துல இருந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எழுந்திரிச்சுது. முன் சீட்டும் காலி!

பின்னாடி மீன் பெட்டியோட இருந்த பாய்தான் இரக்கப்பட்டாரு. "சூடு ஆகாதா? இப்படிக் குடுங்க ஐயா, ஐஸ்ல வைப்போம்." மத்திக்கும் நெத்திலிக்கும் நடுவுல பாக்கெட்டைப் படுக்க வெச்சாரு.

இறங்கும்போது பாக்கெட் ஜில்லுன்னு இருந்துச்சு. ஓரம் பிரிஞ்சு மீன் தண்ணி உள்ள போயிருந்துச்சு. உயிருதானே, வழியில சாப்பிட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டா. "மருந்து வாங்கப் போனீங்களா, மத்தி வாங்கப் போனீங்களா?"

"மண்ணுல கலந்தா வாசனை போயிடும், பேசாம இரு."

கலந்தேன். போட்டேன். தண்ணி தெளிச்சேன்.

காலையில பாத்தா, தெருவுல உள்ள பூனை அத்தனையும் என் பாத்தியில! ஒண்ணு தோண்டுது. ஒண்ணு மோந்து பாக்குது. ஒரு கிழட்டுப் பூனை கன்னு மேலயே படுத்துத் தூங்குது. வேரோட வந்த கன்னெல்லாம் வாசல் வரைக்கும் கிடக்கு.

ஆபீஸருக்குப் போன் போட்டேன். "சார், பூஞ்சைக்குக் குடுத்தீங்க. பூனைக்கு?"

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுற சத்தம் கேட்டுச்சு.

"ஐயா... அதுக்கு எங்ககிட்ட ஸ்கீம் இல்லீங்க."

வீட்டம்மா வாசனை போற வரைக்கும் காத்திருந்து, கீரை விதையை எடுத்துக்கிட்டுப் பாத்தியில இறங்கிட்டா.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மருந்துதான். கீரையில ஒரு தண்டுகூட அழுகல.