சம்பந்தி கிழிக்கச் சொன்ன தாள்

அலவத்துகொட,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி பரமநாதன் ஐயா அவர்களுக்கு, சின்னமுத்து எழுதிக்கொள்வது.

முதலில் என் எழுத்தை மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். எழுத்துகள்தான் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகின்றன. இந்த நான்கு வரிக்குள் தேநீர் ஆறிவிட்டது. எழுபத்திரண்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. அதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படிப்பட்ட கடிதமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பேராதனையில் நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மகனும் உங்கள் மகள் றஜிதாவும் சுகம். நான் மட்டும் தலைகுனிந்து இருக்கிறேன். எழுதுவதற்கு அது வசதியாகவும் இருக்கிறது.

புதிய டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கேட்பார்கள் என்று, கையிலுள்ள அட்டையைப் பிரதி எடுக்க, எங்கள் சந்தியில் இருக்கும் ஸாகியின் கடைக்கு நாம் இருவரும் போனோமே, அன்று தொடங்கியது. முதல் பிரதி மங்கலாக வந்தது. அதை என் கையில் கொடுத்து, "சம்பந்தி, இதைக் கிழிச்சுப் போடுங்கோ. இந்தக் காலத்தில ஒரு இலக்கம் கிடைச்சாலே காணும், ஆளையே வித்துப்போடுவாங்கள்" என்றீர்கள். "ஆமாங்க, கிழிச்சிடுறேன்" என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். உங்கள் பெயர் வந்தது, பிறந்த இடம் வந்தது, விலாசம் வந்தது. தாள் என்றாலே கட்டைவிரலை நீட்டி வாழ்ந்தவன் நான். ஒருவரும் உதவாமல் முழுதாக வாசித்த முதல் தாள் அது. அதை எப்படிக் கிழிப்பது?

எங்கள் முதியோர் மாலை வகுப்பு யசோதினி டீச்சர், அச்சடித்த தமிழ் எதையாவது பார்த்து நாளுக்குப் பத்துத் தரம் எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் கோயில் நோட்டீசையும் குளிக்கும் சவர்க்கார உறையையும் பார்த்து எழுதினார்கள். நான் உங்களை எழுதினேன். பெயர், இலக்கம், பிறந்த திகதி, விலாசம், எல்லாம் பத்துத் தரம், ஒரு நாள் விடாமல், இரண்டு கொப்பி நிறைய. சாமி பெயரை எழுதியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும். டீச்சர் சிவப்புப் பேனாவால் "மிக நன்று" போட்டார். கொப்பி நிறைந்ததும், பிள்ளைகளின் பழைய கொப்பிகளை எல்லோரும் கொடுப்பது போல, பஸ் நிற்கும் இடத்துக் கடலைக்காரரிடம் சுருள் செய்யக் கொடுத்தேன். அவர் சந்தோஷப்பட்டு ஒரு சுருள் கடலை சும்மா தந்தார். நானும் கூச்சமில்லாமல் தின்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். யாரோ உங்கள் விவரங்களைக் கொண்டு உங்கள் பெயரில் இரண்டு சிம் எடுத்து, பரிசு விழுந்திருக்கிறது என்று ஊர் ஊராகப் பேசி ஏமாற்ற, பொலிஸ் உங்களைக் கூப்பிட்டு விசாரித்தது. நாற்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கை சுத்தமாக வேலை பார்த்த உங்களை! அங்கிருந்து நேராக வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஸாகியின் கடைக்குப் போய், சனத்துக்கு முன்னால் கேட்டீர்கள்: "என்ர அட்டையை உம்மட கடையைத் தவிர வேறெங்கையும் குடுக்கேல்லை. ஆருக்கு வித்தனீர்?"

"அல்லாஹ் மேல ஆணையா நான் செய்யல்ல சேர்," என்றார் ஸாகி. பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, அன்டைக்கு நீங்களும்தானே பக்கத்துல நின்ட? நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "கேளுங்க சம்பந்தி, நல்லா கேளுங்க" என்று சொன்னேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்பது சத்தியம். ஆனால் ஐந்து நாளைக்குப் பிறகு றஜிதா கடலை வாங்கி வந்தாள். தின்று முடித்துத் தாளை விரித்தவள், "மாமா, இது எங்கட அப்பான்ர பேரெல்லே? இலக்கமும் கிடக்கு. ஆரோ கை நடுங்க நடுங்க எழுதியிருக்கினம்" என்றாள். ஊரெல்லாம் காட்டித் திரிந்த என் எழுத்தை நானே பார்த்து, "யாரோ படிக்காத ஆளு எழுதியிருப்பான் போல" என்றேன். அவள் அந்தத் தாளை மடித்து என் புதுக் கொப்பிக்குள் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் தேநீரில் சீனி குறைவு.

அதற்குப் பிறகும் இரண்டு கிழமை வாயைத் திறக்கவில்லை. ஸாகியின் கடையில் இப்போது ஈகூடப் பிரதி எடுக்க வருவதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் அக்குறணைக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நான் குளக்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். முழங்கால் வலிக்கிறது, வலிக்கட்டும்.

ஐயா, குற்றம் என்னுடையது. இந்தக் கடிதத்தைப் பொலிசில் காட்டுங்கள். அதற்கு முன், கோபம் தணியாவிட்டாலும் பரவாயில்லை, ஸாகியிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களைப் பற்றி என்னென்ன வெளியே போனது என்று நீங்கள் தெரிந்துகொள்ள, இந்தக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். பார்க்காமலே எழுதினேன், மனப்பாடம்.

உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் கதிர்காமத்தான் பார்த்துக்கொள்ளட்டும். என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி சின்னமுத்து
(கையெழுத்துத்தான், கைநாட்டு இல்லை)

பி.கு.: உறையில் போடும் முன் ஸாகியிடம் போனேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் கடிதத்தையே நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத நான் சொன்னா யாரு நம்புற ஐயா? ஒரு போட்டோ கொப்பி அடிச்சுக் கடைக் கண்ணாடில ஒட்டுறன்" என்றார். செய்த பாவத்துக்கு எப்படி மறுப்பது? கடைசித் தாள் இரண்டு பக்கமும் நன்றாகத் தெளிவாக வந்தது, ஒட்டியாகிவிட்டது. சனம் நின்று வாசிக்கிறது. ஒருவர், "எழுதின ஆளு கள்ளனா இருந்தாலும் எழுத்து முத்து மாதிரி இருக்கே" என்றார். வெட்கத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு மணித்தியாலம்தான் நின்றேன். நீங்கள் பயப்பட வேண்டாம், உங்கள் இலக்கம் இருக்கிற பக்கம் கடைக்குள் பார்த்தபடி இருக்கிறது. பிரதி எடுக்க உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்று கடையில் நல்ல கூட்டம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுகிறேன்.