தெருவில் எல்லோருக்கும் வேலை

பெண்கள் வேலைக்குப் போவதில் எங்கள் வட்டாரத்துக்குத்தான் கடைசி இடம் என்று அரசு ஆய்வு செய்து அறிவித்தது. அறிவிப்பை நான் கேட்டபோது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரின் மூன்றாவது போர்வையை அலசிக்கொண்டிருந்தேன்.

என்னைவிட இக்கட்டில் இருந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குத் தையல் ஆலையில் வேலை கிடைத்துவிட்டது; ஒன்றாம் தேதி சேர வேண்டும். இரட்டை வாண்டுகளை விட்டுப்போக இடமில்லை. தெருவுக்கு ஒரு குழந்தைகள் காப்பகம் கேட்டு மனுக் கொடுத்தோம்.

"தங்கள் தெருவில் வேலை செய்யும் பெண்கள் எவருமில்லாத காரணத்தால் காப்பகத்துக்கான அவசியம் எழவில்லை" என்று பதில் வந்தது.

நேரே அலுவலரிடம் போனேன். "காப்பகம் இருந்தாதானே சார் வேலைக்குப் போக முடியும்?"

"முதல்ல வேலைக்குப் போங்கம்மா. அப்புறம் தர்றோம்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க?"

"அது வேற துறை."

"அப்போ நாங்க வீட்ல செய்யறதெல்லாம் என்னவாம்?"

படிவத்தைப் புரட்டினார். "உங்க வீட்ல செஞ்சா அது பாசம். அடுத்த வீட்ல செஞ்சா வேலை. விதி அப்படி."

விதியை வரி பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்று கான்வென்ட் பள்ளியில் எனக்கு முட்டிபோட வைத்தே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மறுநாளே தெருவிலுள்ள பன்னிரண்டு பெண்களும் ஒரு வீடு தள்ளி வேலைக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரி என் வீட்டுக்கு வந்தாள். நான் பல் டாக்டர் வீட்டு அடுப்படிக்குப் போனேன். தெருக்கோடி வீட்டுக்காரி சுற்றி வந்து வாண்டுகளிடம் மாட்டிக்கொண்டாள். என் கணவர் கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகச் சாப்பாட்டைப் பாராட்டினார். மாமனார்கூட முனகாமல் கஞ்சி குடித்தார்.

எங்களைப் பார்த்து மற்ற தெருக்களும் வீடு மாற, கணக்கெடுப்பில் நூறு சதவீதம். வட்டாரத்துக்கு முதலிடம், அலுவலருக்குக் கேடயம். எங்களுக்கும் கடிதம் வந்தது, வாழ்த்துகளுடன்: "தங்கள் தெருக் குழந்தைகள் யாவரும் முழுநேரப் பணியாளர்களின் பராமரிப்பில் உள்ளபடியால் காப்பகத்துக்கான அவசியம் எழவில்லை."

ஒன்றாம் தேதி காலை, ஆலையின் வேலை உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி என் வாசலில் நின்றாள்.

"அக்கா, காப்பகம் இல்லேன்னா போகட்டும். வாண்டுங்கதான் கோடி வீட்டுக்காரிகிட்ட இருக்குதுங்களே. நான் ஆலைக்குப் போயிடவா?"

உள்ளே மாமனார் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"திடீர்னு நின்னா எப்படிடி?" என்றேன் நான். "ஒரு மாசம் முன்னாடியே சொல்லணும். விதி அப்படி."