இடதென்றால் வலது போன ஹெலிகாப்டர்

சர்வேயர் கன்ட்ரோல் பெட்டியின் குச்சியை இடது பக்கம் தள்ளினார். பொம்மை ஹெலிகாப்டர் வலது பக்கம் போயிற்று. பதறிப்போய் வலது பக்கம் தள்ளினார். அது இடது பக்கம் சாய்ந்து, மைதானத்து ஓரப் புதருக்குள் தலைகுப்புறப் புகுந்து, இருமிவிட்டு அடங்கியது.

"எவனோ ஓட்டறான்," என்றார் சர்வேயர்.

பக்கத்தில் நின்ற மைத்துனன் சுற்றுமுற்றும் பார்த்தான். "எதை மாமா?"

"என் ஹெலிகாப்டரை. முந்தாநாள் சொன்ன பேச்சைக் கேட்டுச்சா இல்லையா? இன்னிக்கு நான் இடதுன்னா அது வலதுங்குது. வேற எவன் கையிலயோ இன்னொரு கன்ட்ரோல் பெட்டி இருக்கு."

காப்பீட்டுக் கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. நசுங்கிய கார், எரிந்த கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு என்று எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, இது தானாக நடந்ததா, யாராவது நடத்தியதா என்று கண்டுபிடிக்க வேண்டும். தானாக நடந்தது என்று அவர் எழுதியதாக அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, "கடைசியா அடுப்புப் பக்கத்துல நின்னது யாரு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த ஹெலிகாப்டர் கைக்கு வந்தபோது, அது ஹெலிகாப்டர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மைதானத்தை ஒட்டிய மாடிவீட்டில் குடியிருக்கும் கண்ணாடிக்கடைக்காரர், மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஆசை ஆசையாக வாங்கிப் பறக்கவிட்டது. பெட்ரோல் எஞ்சின், மரத்தாலான விசிறி, கண்ணைக் குத்துகிற மாதிரி நீளும் ஏரியலோடு ஒரு கன்ட்ரோல் பெட்டி. கடையை மூடி ஓய்வெடுக்க ஆரம்பித்ததும் அதைப் பரணில் போட்டுவிட்டார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. ரப்பர் குழாய் தொட்டால் ஒடிந்தது. வால் விசிறியைச் சுற்றும் பல்சக்கரத்தில் பாதிப் பல் இல்லை.

"என் கைக்கு இது நாய்க்குட்டி சார்," என்று சொல்லித்தான் கண்ணாடிக்கடைக்காரர் விற்றார். "வான்னா வரும். நில்லுன்னா நிக்கும். இல்லியா?"

"ஆமாமா," என்றார் அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

சர்வேயர் அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். தேய்த்தார், கழுவினார், கழற்றியதை மறுபடி கழற்றினார். குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உடைந்த பொருளைப் பார்த்துக் குற்றம் எழுதியே பழகிய மனிதர், முதல் தடவையாக உடைந்த ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் உறுமியபோது அவர் கண் கலங்கியதை மனைவி பார்த்துவிட்டாள். பெட்ரோல் புகை என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட ஹெலிகாப்டரை எவனோ ஒருவன் மறைந்திருந்து கவிழ்க்கிறான் என்றால், சும்மா விட முடியுமா?

கன்ட்ரோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ரேடியோ மெக்கானிக்கிடம் போனார்.

"இன்னொருத்தன் இதை ஓட்ட முடியுமா?"

"முடியும் சார். ரொம்பப் பழைய சமாச்சாரம். அதே அலைவரிசையில இன்னொரு பெட்டி இருந்தா, எது வலுவா இருக்கோ அது பேச்சைத்தான் ஹெலிகாப்டர் கேக்கும்."

"நான் நினைச்சேன்!"

"ஆனா ஒண்ணு சார். ஹெலிகாப்டர் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தா, இடது வலது மாறித்தான் தெரியும். பழகற எல்லாருமே இதுல தடுமாறுவாங்க. கை வர்றதுக்குக் கொஞ்ச நாள்..."

சர்வேயர் கண்ணைச் சுருக்கினார். "இதை ஏன் இவ்வளவு அவசரமா சொல்றீங்க?"

சர்வேயர் மெக்கானிக்கையும் மனதுக்குள் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சந்தேகத்தை வீட்டிலிருந்து தொடங்குவது அவர் வழக்கம். மைத்துனன் குளிக்கப் போன நேரத்தில் அவன் பையைக் கொட்டிப் பார்த்தார். உள்ளே கறுப்பாக, கைக்கு அடக்கமாக, பொத்தான் வைத்த ஒன்று இருந்தது.

"இது என்ன?"

துண்டோடு வந்து நின்ற மைத்துனன் முழித்தான். "தாடி ட்ரிம்மர் மாமா."

"தாடிக்கு எதுக்கு இத்தனை பொத்தான்?"

அவன் அதை ஓடவிட்டுக் காட்டினான். சர்வேயர் தன் கையில் ஒரு ஓரத்தில் ஓட்டிப் பார்த்து, முடி போனதும்தான் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் அன்று சாயங்காலம் அவனை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போனார். ஹெலிகாப்டர் எழும்பியது, சுற்றியது, விழுந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்து, "மாப்ளே, நீ இல்லை," என்று பெரிய மனதோடு சொன்னார்.

மைத்துனனுக்கு அது பாராட்டாகத் தோன்றவில்லை. மனைவிக்கும் தோன்றவில்லை.

"என் தம்பியை உள்ள வெச்சுப் பூட்டினீங்களா?"

"விசாரணைன்னா அப்படித்தான். இப்ப அவன் பேர்ல ஒரு களங்கமும் இல்லை பாரு."

"பூட்டறதுக்கு முன்னாடியும் இல்லைங்க!"

அடுத்து கண்ணாடிக்கடைக்காரர். யோசிக்க யோசிக்க சர்வேயருக்கு எல்லாம் பொருந்தி வந்தது. மைதானத்தைப் பார்த்த வீடு. ஹெலிகாப்டரின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்த ஆள். விற்ற பொருளை மறுபடி பார்த்ததும் வயிற்றெரிச்சல் வந்திருக்கும். போதாக்குறைக்குச் சில நாள் மதில்மேல் கையூன்றிக்கொண்டு, "அப்படி இல்லை சார், மெதுவா, மெதுவா," என்று குரல் வேறு.

"அந்தாளு வீட்டுக்குள்ள என்ன பண்றான்னு தெரியணும்," என்றார் மனைவியிடம். "நீ சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போ. சும்மா பேசறமாதிரி பேசு. நான் பறக்கவிடற நேரம் பூரா அவர் கையைப் பார்த்துட்டே இரு."

"அடுத்தவர் கையை எதுக்குங்க நான் பார்க்கணும்?"

"ஓரக்கண்ணால பாரு."

தம்பி விஷயம் இத்தோடு ஓயட்டும் என்று மனைவி போனாள். அன்று ஹெலிகாப்டர் விழுந்த மாதிரி அதற்கு முன் விழுந்ததே இல்லை. எழும்பியதும் தன்னைத்தானே துரத்துவதுபோலச் சுழன்றது. மேலே போ என்றால் பக்கவாட்டில் பாய்ந்தது. கடைசியில் வாலைத் தரையில் ஊன்றி, வால் தனியாக, உடம்பு தனியாகப் படுத்தது.

மனைவி திரும்பி வந்து ஒப்பித்தாள். "அவர் நாற்காலியில வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டிருந்தார். நானும் அந்தம்மாவும்தான் பேசிட்டிருந்தோம். மாடியில துணி எடுக்கணும்னு எந்திரிச்சாங்க, நான் விடலை. ரொம்ப நல்லவங்க."

"தூங்கறமாதிரி நடிச்சிருப்பார்."

"குறட்டை விட்டாருங்க."

"குறட்டையைத்தான் முதல்ல நடிப்பாங்க."

வாலை ஒட்ட வைத்ததும் மறுபடி அனுப்பினார். மறுபடி விழுந்தது. அதற்கடுத்த நாள் மனைவிக்குத் தலைவலி, போகவில்லை. ஹெலிகாப்டர் தலைக்கு மேலே அசையாமல் நின்றது. குச்சியைத் தொட்டால் தொட்ட திசையில் நகர்ந்தது. சர்வேயர் பூரித்துப் போனார். மறுநாள் தலைவலி சரியாகி அவள் போனாள். ஹெலிகாப்டர் புதருக்குள் போயிற்று.

இரவுச் சாப்பாட்டில் சர்வேயர் தட்டைத் தொடாமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலில் இத்தனை வருஷம் பழகிய மூளை, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கணக்குப் போட்டுவிட்டது. அவள் அங்கே போன நாளெல்லாம் விழுகிறது. போகாத நாள் பறக்கிறது.

"ஏம்மா," என்றார் தணிந்த குரலில். "உனக்கு இந்த ஹெலிகாப்டர் பிடிக்கலையா?"

"சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைச்சா பிடிக்கும்."

"அப்ப ஒரு காரணம் இருக்கு."

"எதுக்கு?"

"அவரும் நீயும் சேர்ந்து..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை. மனைவி எழுந்து கையைக் கழுவினாள். பெட்டியை எடுத்துத் துணி வைத்தாள். வாசலில் மைத்துனன் ஏற்கெனவே பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"எங்கம்மா வீட்டுல இருப்பேன். யாரு ஓட்டறாங்கன்னு கண்டுபிடிச்சதும் சொல்லி அனுப்புங்க. அது நானா இருந்தா, சொல்லாட்டியும் பரவாயில்லை."

வீடு காலியானது. சாப்பாட்டு மேசையில் ஹெலிகாப்டர் மட்டும் இருந்தது. அலுவலகம் விட்டு வந்து சர்வேயர் அதற்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார். பால் பொங்கி வழிந்தது. கடைசியாக அடுப்புப் பக்கத்தில் நின்றது யார் என்று கேட்க ஆளில்லை, நின்றதும் அவரேதான். அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாக பயம் வந்தது. ஹெலிகாப்டர் போனால் இன்னொன்று சேர்த்துவிடலாம். இதை எப்படிச் சேர்ப்பது?

இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று எல்லோரையும் மைதானத்துக்கு வரவழைத்தார். மாமியார் வீட்டு வாசலில் நின்று கெஞ்சியதில் மனைவியும் மைத்துனனும் வந்தார்கள். மெக்கானிக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கூப்பிடாமலே மதில் தாண்டி வந்துவிட்டார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க," என்றார் சர்வேயர். "ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

"எதுக்கு சார்?" என்றார் மெக்கானிக்.

"கை மேல இருந்தா எந்தக் குச்சியையும் தள்ள முடியாது."

"எனக்குத் தோள்பட்டை வலி சார்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"முடிஞ்சவரைக்கும் தூக்குங்க."

தூக்கினார்கள். தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர், கொள்ளை நடக்கிறதோ என்று இறங்கிப் பார்த்து, தானும் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

சர்வேயர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமியது. குச்சியை மெல்லத் தள்ளினார்.

ஹெலிகாப்டர் கோடு போட்டதுபோல நேராக எழும்பியது. நின்றது. அவர் நினைத்தாரோ இல்லையோ, அதற்குள் இடது பக்கம் வளைந்து மைதானத்தை அகலமாக ஒரு சுற்று வந்தது. மூக்கு அவரைப் பார்த்தபோதுகூடத் தடுமாறவில்லை. எட்டுப் போட்டது. பின்னாலேயே நகர்ந்தது. மைத்துனன் கோபத்தை மறந்து விசிலடித்தான். கடைசியில் மெக்கானிக்கின் காலடியில், புல் மடங்காமல் வந்து உட்கார்ந்தது.

"பார்த்தீங்களா!" என்று கத்தினார் சர்வேயர். "கையைத் தூக்கினதும் ஒழுங்காப் பறக்குது! அப்ப உங்கள்ல ஒருத்தர்தான்!"

மனைவி மெதுவாகக் கையை இறக்கினாள். "அப்ப இனிமே நீங்க பறக்கவிடறப்பல்லாம் நாங்க கையைத் தூக்கிட்டே வாழணுமா?"

"சார்," என்றார் மெக்கானிக், பயந்துகொண்டே. "அன்னிக்கே சொல்ல வந்தேன். யாரும் ஓட்டலை. பழகப் பழகக் கை வந்துருச்சு. அவ்வளவுதான்."

சர்வேயர் கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கை வந்துருச்சு. இந்த யோசனை அவருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. சதி இல்லை, கூட்டு இல்லை. விழுந்ததெல்லாம் பழகாததால் விழுந்தது. இப்போது பறப்பது பழகியதால் பறக்கிறது. தானாக நடந்தது.

"மாப்ளே, மன்னிச்சுக்கோ," என்றார். மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவியின் முன்னால் வந்து நின்றபோது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்ரோல் புகையா?" என்றாள் அவள்.

"இல்லைம்மா," என்றார். அவள் சிரித்துவிட்டாள். "என் துணிப்பெட்டி அம்மா வீட்டுல இருக்கு. நீங்களே போய்த் தூக்கிட்டு வாங்க."

கண்ணாடிக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்பதை மைதானத்தில் வைத்துச் செய்யக் கூடாது, வீட்டுக்கே போய்க் கேட்பதுதான் மரியாதை என்று அவரோடேயே நடந்தார். கண்ணாடிக்கடைக்காரர் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவர். "அட விடுங்க சார். ஆரம்பத்துல எனக்கும் அப்படித்தான். விழும், விழும்; திடீர்னு ஒருநாள் கை வந்துருச்சு. அப்புறம் நாய்க்குட்டிதான்," என்று தோளில் தட்டிவிட்டு, தைலம் தேட உள்ளே போனார்.

மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்த அவர் மனைவி, கணவர் உள்ளே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு சர்வேயர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி, அடுத்த வாரம் நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன், திரும்பி வர்ற வரைக்கும் ஹெலிகாப்டரை மேல ஏத்திராதீங்க, இவர்கிட்ட மூச்சு விட்டுராதீங்க, ஆனா இவர் காலத்துலயும் சரி, உங்க காலத்துலயும் சரி, விழுந்ததுதான் நீங்க ஓட்டினது, பறந்ததெல்லாம் மாடியிலேர்ந்து இன்னொரு பெட்டியால நான் ஓட்டினது."