பாசி போனவுடன் போறன்

பாலேந்திரன் முழங்கைவரை மீன்தொட்டியின் உப்புத் தண்ணீருக்குள் கையை விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்றும் இதே கல்லைத்தான் தேய்த்தார். விடிந்து பார்த்தால் மறுபடியும் மண்ணிறம். யாரோ கொக்கோத் தூளைத் தூவிவிட்டுப் போனதுபோல் கல், மணல், கண்ணாடி எல்லாவற்றிலும் பாசி படிந்து கிடந்தது.

“இண்டைக்கும் வந்திட்டுதோ?” என்று தேநீரோடு வந்தாள் கலாவதி.

“வந்திட்டுது.”

“எனக்கெண்டா வடிவாத்தான் கிடக்கு. கடல் எண்டா கொஞ்சம் ஊத்தையாத்தானே இருக்கும்.”

அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். உள்ளே இருந்த இரண்டு செம்மஞ்சள் மீன்களும் ஒரு மூலைக்குப் போய் அவருடைய கையை வெறுப்போடு பார்த்தன.

தொட்டி, சுவிஸின் கூர் நகரத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் மகள் சரணியா வாங்கிக் கொடுத்தது. அப்பா பென்சன் எடுத்த அன்று கொண்டுவந்து இறக்கி, “சும்மா இருந்து அம்மாவோட சண்டை பிடிக்காமல் இதைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சண்டை பிடிப்பதற்குக்கூட அவர்களிடம் கதை இருக்கவில்லை. கல்யாணம் கட்டிய நாள் முதல் பாலேந்திரனுக்கு இன்டர்லாக்கன் ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. அங்கேயே அறை. கிழமைக்கொருக்கா சோலோதுர்ன் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், நித்திரை கொள்வார், தோய்த்த உடுப்போடு திரும்ப ரயில் ஏறுவார். இப்போது ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டவருக்குச் சீனிப் போத்தல் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று தெரியவில்லை. விருந்தாளிபோலக் கேட்டார். கலாவதியும் விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தாள்.

அதனால், கோடை சீசனுக்கு ஆள் போதாது, திரும்பி வர முடியுமா என்று ஹோட்டல் ஷெஃப் தொலைபேசியில் கேட்டபோது பாலேந்திரனுக்கு மூச்சு வந்தது.

“நான் போகட்டோ?” என்று கலாவதியிடம் கேட்டார்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “உங்கட விருப்பம்.” அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, “ஆனா இந்த ஊத்தையை ஆர் பாக்கிறது? எனக்கு உந்த மீனைப் பற்றி ஒண்டும் தெரியாது” என்றாள்.

நியாயமான கேள்வி. பாலேந்திரன் ஷெஃப்பைத் திரும்ப அழைத்து, தன் குசினி ஜெர்மனில், “வீட்டில் பாசி பிடித்திருக்கிறது. போனவுடன் வருகிறேன்” என்றார்.

“டொக்டரிடம் காட்டினாயா?” என்று ஷெஃப் கவலையோடு விசாரித்தார்.

பாசியை ஒரே நாளில் ஒழிக்கும் எண்ணத்தில் பாலேந்திரன் பாதித் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினார். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து நிரப்பினார். மறுநாள் முன்கண்ணாடி முழுக்க மண்ணிறம். மீன்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தொட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்து வளர்ப்பு மீன்கடையில் கடைக்காரி ஃப்ரௌ வீஸ் அவருடைய கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

“புதுத் தொட்டியில் இது வரும். தானாகவே போகும். நீங்கள் பொறுமையாக இருந்தால் போதும். குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். அதுதான் இந்தப் பாசிக்குச் சாப்பாடு.”

பொறுமை அவருக்குக் குசினியில் யாரும் பழக்காத சங்கதி. கடையில் விற்கும் சுத்திகரித்த தண்ணீரைக் பிளாஸ்டிக் கான்களில் வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, மூன்றாம் மாடிக்குத் தூக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

கலாவதி அவரைச் சோபாவில் குப்புறப் படுக்க வைத்து எண்ணெய் பூசினாள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து எத்தனையோ முதுகுகளைப் பார்த்த கை. பூசிக்கொண்டே, அங்கே ஒரு கிழவர் தினமும் தன்னைக் கல்யாணம் கட்டக் கேட்ட கதையைச் சொன்னாள்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“மனுசன் இன்டர்லாக்கனிலை, கேட்டுச் சொல்லுறன் எண்டனான்.”

பாலேந்திரன் சிரித்ததில் இடுப்பு இன்னும் வலித்தது.

வாங்கிய தண்ணீர் நினைத்ததைவிடக் கூடுதல் நாள் தீராமல் வந்தது ஒரு ஆறுதல். பாசி மட்டும் அசையவில்லை. பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டார். அவை ஒழுங்காகத்தான் தின்றன. ஆனால் கண்ணாடியிலிருந்து விழுந்தால் மல்லாந்தபடியே கிடந்தன, தாமாக நிமிரத் தெரியவில்லை. காலையும் மாலையும் நத்தை நிமிர்த்துவது ஒரு வேலையாகிவிட்டது. கலாவதி அவற்றுக்கு அவருடைய சொந்தக்காரரின் பெயர்களையே வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்கட பெரியத்தான் திரும்ப விழுந்திட்டார்.”

“கிடக்கட்டும். அந்தாள் எனக்கு எந்த நாள் உதவினவர்?” என்று சொல்லிக்கொண்டே பாலேந்திரன் சட்டைக் கையை மடித்தார்.

அடுத்து, வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி செத்துவிடும் என்று எங்கேயோ வாசித்து, தொட்டியை வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடினார். அன்று பார்த்து, கீழ்மாடியில் இருக்கும் தில்லைநாதன் வந்தார். அறை நடுவில் வெள்ளைத் துணி மூடிய நீளமான ஒன்று. பக்கத்தில் புருசனும் பெண்சாதியும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். தில்லைநாதன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

“அண்ணை,” என்றார் மெதுவாக, “ஆர்?”

“மீன்,” என்றார் பாலேந்திரன்.

கலாவதி கொடுத்த தேநீரைத் தில்லைநாதன் நின்றபடியே குடித்து முடித்தார். போகும்போது கலாவதியிடம், “அண்ணையைத் தனிய விடாதேங்கோ” என்றார். அவர் படி இறங்கிய பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சில நாள் கழித்து விரிப்பை எடுத்தபோது தொட்டி பளிச்சென்று இருந்தது. பாலேந்திரன் ஷெஃப்புக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். ஏனோ நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துவிட்டார். கலாவதி வழக்கத்தைவிடக் கூடுதல் சத்தத்தோடு பாத்திரம் கழுவினாள். அந்தக் கிழமை முடிவதற்குள் மணலில் ஒரு மண்ணிறத் திட்டு வந்தது. பிறகு கல்லில். பிறகு பெரியத்தானின் முதுகில்.

“திரும்ப வந்திட்டுது,” என்றார்.

“ஐயோ பாவம்,” என்றாள் கலாவதி, அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு.

பின்னேரங்களில் தொட்டிக்கு முன்னால் இரண்டு கதிரைகள் நிரந்தரமாகிவிட்டன. அவர் தேய்ப்பார், அவள் பாசி இருக்கும் இடத்தைக் காட்டுவாள். குசினியில் ஒருமுறை சீனிக்குப் பதில் உப்புப் போட்டு ஒரு கல்யாணக் கேக்கைக் கெடுத்ததை அவர் சொன்னார். சரணியா முதன்முதல் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று அவள் சொன்னாள். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் வரும் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொஞ்ச நேரம் பிரஷ்ஷை அசைக்காமல் தண்ணீருக்குள்ளேயே கையை வைத்திருந்தார்.

ஷெஃப் மறுபடியும் அழைத்தார். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் எடுக்க வேண்டும் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாலேந்திரன் அலுமாரி மேலிருந்து பையை இறக்கினார். கலாவதி அவருடைய சேர்ட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள், அவசரமே இல்லாமல்.

போவதற்கு முன் இதற்கு ஒரு முடிவு காண வேண்டும் என்று அவருக்கு ரோசம் வந்தது. தொட்டித் தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனார்.

ஃப்ரௌ வீஸ் தண்ணீரில் சில துளி மருந்து விட்டார். அது கடும் நீலமானது.

“இதில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது.”

“இருக்காது. உங்களிடம் வாங்கினதைத் தவிர ஒரு சொட்டும் நான் ஊற்றவில்லை,” என்றார் பாலேந்திரன். “வீட்டில் வேறு யாரும் தொடுவதும் இல்லை. என் மனைவிக்கு மீனைப் பற்றி ஒன்றுமே தெரியாது.”

ஃப்ரௌ வீஸ் போத்தலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு மூடியைத் தேவையில்லாமல் இறுக்கித் திருகினார்.

“நான் சொல்லக்கூடாது, ஹெர் பாலேந்திரன்,” என்றார், “ஆனால் இந்தப் பாசி போகாமல் இருக்க என்ன ஊற்ற வேண்டும் என்று இந்தக் கடைக்கு வந்து கேட்ட ஒரே ஆள் உங்கள் மனைவிதான்.”