கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான்

நோய், வருத்தம் ஒன்றும் இல்லாத மனிதன் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்பது கனடாவிலுள்ள எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் விளங்காது. போகிறான் என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது, வீட்டுக்காரர் மறைக்கிறார்கள்.

எனக்கு ஐம்பது வயதானபோது இலங்கையில் யுத்தம் முடிந்து சில வாரங்கள்தான். மனைவி ரஞ்சியின் தம்பி சுதன் வன்னிக்குள் அகப்பட்டவன். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அவன் இருக்கிறானா என்றே தெரியாத வீட்டில் என் குடலைப் பற்றி யோசிக்க வெட்கமாக இருந்தது. ஆனால் அப்பா குடல் புற்றுநோயில் போனவர். "உங்களையும் என்னால பறிகுடுக்கேலாது" என்று ரஞ்சி ஒரே பிடி. குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு டொக்டர் நாள் குறித்தார்.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் குடலைச் சுத்தமாக்கப் பேதி மருந்து, ஒரு பெரிய சாடி நிறைய. (கடல் தண்ணீருக்குள் எலுமிச்சம்பழம் பிழிந்த ருசி.) ரஞ்சி வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தியிடம் மட்டும், "நாளைக்கு இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்" என்று சொல்லியிருந்தாள். அது போதும். மருந்து வேலை செய்யத் தொடங்கிய நேரம் பார்த்து, நாங்கள் இருந்த ஸ்காபரோவில் பாதி ஊர் திராட்சைப்பழத்தோடும் சோக முகத்தோடும் எங்கள் பேஸ்மென்ற் வீட்டுக்குள் இறங்கியது. இருந்ததே ஒரு கழிப்பறை, அதுவும் வரவேற்பறையோடு ஒட்டியபடி. அதற்குள் நான்.

"பாவம், போன கிழமையும் கோயில்ல கண்டனான். நல்லாத்தான் நிண்டவர்" என்று ஒரு அன்ரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். (மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.)

அப்போது தொலைபேசி அடித்தது. அகதி முகாமிலிருந்து, யாரோ ஒருவருடைய ஃபோனில், சுதன். ரஞ்சி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். வந்திருந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

"அக்கா, ஏன் உவ்வளவு சனம்? அத்தான் எங்க?"

"அத்தான் வரேலாதடா" என்று ரஞ்சி விம்மினாள்.

ஷெல்லடிக்குள்ளால் தப்பி வந்த அந்தப் பிள்ளை எனக்காகக் குழறி அழத் தொடங்கினான்.

எனக்குத் தாங்க முடியவில்லை. எழும்பவும் முடியவில்லை. "டேய் சுதன், நான் சாகேல்லையடா. பேதி குடிச்சிட்டு வாஷ்ரூமுக்குள்ள இருக்கிறன்" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். சுதன் சிரித்தான், மூச்சுத் திணறத் திணறச் சிரித்தான். அதைக் கேட்டு நான் உள்ளே அழுதேன். நல்லவேளை, குழாய் திறந்திருந்தது.

சோதனையில் ஒரு சின்னக் கட்டி அகப்பட்டது, கெட்டதாக மாறுமுன் எடுத்துவிட்டார்கள். சுதன் பிறகு கனடா வந்து சேர்ந்தான். இன்றுவரை எப்போது ஃபோன் எடுத்தாலும் "அத்தான், இருக்கிறியளோ?" என்றுதான் தொடங்குவான்.

போன மாதம் அவனுக்கும் ஐம்பது. அவனையும் அதே சோதனைக்கு அனுப்பினார்கள். தன் வீட்டில் கழிப்பறை இல்லாதவன்போல, மார்க்கம் நகரில் இப்போதிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துதான் மருந்தைக் குடித்தான். நான் கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"சுதன், இருக்கிறியோ?"

"இருக்கிறன் அத்தான்."