மலை ஏறப்படாது

சைக்கிளில் காற்று இல்லை. நேற்றும் இல்லை. நேற்றாவது வால்வு டியூப் இருந்தது.

செந்தூர்பாண்டி சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தான். அடுக்களைக்குள் அத்தை சங்கரம்மாள் ஒரு சட்டியைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, வால்வு டியூப்பை எடுத்தியா?"

"எனக்கெதுக்குலே அது? நான் என்ன சைக்கிளா ஓட்டுதேன்?"

"நேத்து இருந்துச்சு."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நீயும் ஒழுங்காத்தான் இருந்தே. மலைக்குப் போவேன்னு சொன்னே, வீட்டுல ஒவ்வொண்ணாக் காணாமப் போவுது."

அவன் நடந்தே புறப்பட்டான். பழைய துறைமுகத்தை ஒட்டியிருந்த கப்பல் ஏஜென்ட் அலுவலகம் இரண்டு மைல்.

எல்லாம் இரண்டு பக்கக் காகிதத்தால் வந்தது. முந்தின நாள் அவன் மேசையில் கிடந்தது. அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர், மூன்று வாரம் கழித்து வரும் சனி ஞாயிறில், மணிமுத்தாற்றுக்கு மேலே மலைநடை. தலைமை: ஹெட்கிளார்க் எஸ்றா, முன்னாள் சாரணர். ஏழாவது பெயர் செந்தூர்பாண்டி. அவன் பெயர் கொடுக்கவில்லை. கேட்டதற்கு எஸ்றா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "பேரு வந்துது, போட்டேன்" என்றார்.

பெயரை அடித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். மனைவி வடிவு இறந்து எட்டு மாதம். அலுவலகம் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுப்பான். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். அதில் மலைக்கு இடமில்லை.

பேனா மூடியைத் திறந்தபோது அத்தை கேட்டாள்.

"அதென்னலே காயிதம்?"

"ஆபீஸ்ல மலைக்குப் போறாவ."

"நீ போவப்படாது."

அவன் நிமிர்ந்தான்.

"வடிவுக்குத் தலைத்திவசம் கழியல்ல. வருஷம் திரும்புத வரைக்கும் மலை ஏறப்படாது."

"அது கோயில் இருக்க மலைக்கு. அங்கன தேயிலைதான் இருக்கு."

"தேயிலைக்குக் காவல் சாமி கிடையாதோ? காலேஜுல படிச்ச திமிருலே உனக்கு."

பேனாவை மூடினான். "போவேன்."

"நான் ஒத்துக்கிட மாட்டேன்."

"ஒத்துக்கிட வேண்டாம்."

எட்டு மாதத்தில் அவன் பேசிய நீண்ட பேச்சு அது. சங்கரம்மாள் அவன் அப்பாவின் தங்கை. வடிவைப் பெற்றவளும் அவள்தான். மகளுக்கு மஞ்சள்காமாலை என்று ஏரலிலிருந்து வந்தவள், திரும்பிப் போகவில்லை. அவனை ஏச அவளுக்கு இரண்டு வகையில் உரிமை இருந்தது.

காகிதத்தின் முதல் பக்கம் 'பயிற்சி' என்று தொடங்கியது. அதைப் படிக்காமல் புரட்டினான். இரண்டாம் பக்கத்தில் சாமான்கள்: கேன்வாஸ் ஷூ, போர்வை, டார்ச், பதினைந்து முழக் கயிறு, ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்பும் புகையிலையும் கட்டிய துணிப்பொட்டலம். எல்லாம் சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் கூடாது.

புது வால்வு டியூப் வாங்கி மாட்டினான். மறுநாள் சைக்கிளே இல்லை.

"நம்ம ஊரு முப்பிடாதி கேட்டான், ஏரலுக்குக் கொடுத்துவிட்டேன்."

"என் சைக்கிளையா?"

"மலை ஏறுதவனுக்கு ரெண்டு மைலு நடக்க வலிக்கோ?"

வலித்தது. போக இரண்டு, வர இரண்டு. உப்பளக் காற்று முகத்தில் அறைந்தது. அதையும் திட்டிக்கொண்டு நடந்தான்.

அடுத்து, செருப்பைக் காணோம்.

"வாசல்ல ஒருத்தர் வெறுங்காலோட நின்னாரு. கொடுத்துட்டேன்."

கடைசி நாளில் வாங்க நினைத்திருந்த கேன்வாஸ் ஷூவை அன்றே வாங்க வேண்டியதாயிற்று. வேட்டிக்குக் கீழே வெள்ளை ஷூவோடு அலுவலகம் போனான். பக்கத்து மேசை மரியான் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கப்பல்ல இருந்து நேரா இறங்கி வாறியளோ?" என்றான். குதிகாலில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, ஆறியது. ஷூவைக் கழற்றவில்லை.

முதல் வாரக் கடைசியில் உலை நின்றது.

"மலைக்குப் போறவனுக்கு நான் பொங்கிப் போட மாட்டேன். அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்."

"நானே பொங்குதேன்."

"என் அடுப்பைத் தொடாதே! கொல்லையில மூணு கல்லு கிடக்கு. அங்கன போய்ப் பொங்கு."

கொல்லையில் கடல்காற்று. ஒரு தீப்பெட்டி முழுவதும் தீர்ந்த பிறகு, மேலே அரிசியும் கீழே கரியுமாக ஒன்று வந்தது. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ஜெபசெல்வி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, கோரைப்பாயா எரியுது?"

"சோறு."

அதைச் சாப்பிட்டான். மறுநாளும் பொங்கினான். மூன்றாம் வாரத்தில் இரண்டே குச்சியில் தீ பிடித்தது. அத்தை வந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டாள்.

"உப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் உப்புப் போட்டான், அவளுக்காக அல்ல.

பிறகு பை. எஸ்றாவிடம் இரவல் வாங்கிய காக்கிப் பையில் தலையணை, மூன்று லுங்கி, சவரப் பெட்டி, டிபன் கேரியர் எல்லாவற்றையும் அடைத்தான். அலுவலகம் போய் வருவதற்குள் தலையணை போயிருந்தது. மறுநாள் டிபன் கேரியர். அதற்கு மறுநாள் இரண்டு லுங்கி. போர்வையை மட்டும் விட்டுவைத்தாள். ஒளித்துவைக்க இடம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை, சட்டம் போட்ட வடிவின் படத்தை லுங்கியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். ஷூ நாடாவைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் படம் பழையபடி ஆணியில் தொங்கியது.

"அதைத் தொடாதே, அத்தே!"

"கண்ணாடி போட்ட படம்லே. மலையில உடைஞ்சா யாரு பதில் சொல்லுவா? அவ இங்கன இருக்கட்டும்."

"நீ என்ன எடுத்தாலும் நான் போவேன். வெறும் பையோட போவேன்."

"போ. யாரு தடுத்தா?"

"நீதான்!"

"ஆமா, நான்தான்" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் வாசலை மறித்து நின்றாள். அவன் ஒதுங்கித் தாண்டினான். ஒரு துணிப்பொட்டலம் அவன் முதுகில் வந்து விழுந்தது.

"கண்ணேறு கழிச்ச உப்பு. இதை என் வீட்டுல வைக்க மாட்டேன். வழியில போட்டா மிதிச்சவனுக்கு ஆவாது. அந்த மலையிலயே கொண்டு போட்டுத் தொலை!"

பிரிக்காமல் பைக்குள் திணித்தான். வாரேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அலுவலக வாசலில் வேன் நின்றது. எஸ்றா விசிலோடு நின்றார். பக்கத்தில், எல்லாருடைய பெயரையும் டைப் அடித்த மெட்டில்டா பேனாவும் பட்டியலுமாக நின்றாள்.

"முதல் பக்கம். தினம் நாலு மைல் நடந்தவங்க?" என்று எஸ்றா கேட்டார்.

யார் கையும் எழவில்லை. செந்தூர்பாண்டி யோசித்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

"புது ஷூவைப் போட்டுப் பழக்கினவங்க?"

மற்றவர்கள் பளபளக்கும் தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். அவன் தூக்கினான்.

"மூணு கல்லு வச்சுப் பொங்கிப் பார்த்தவங்க?"

கை கீழே இறங்க நேரமில்லை.

சரக்குத் தராசில் பைகள் ஏறின. மரியானின் பை பதினைந்து கிலோ. அதிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரும் நாலு கிலோ கருவாடும் இறங்கின. ராஜதுரை தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாதாடினான். செந்தூர்பாண்டியின் பை ஏழே முக்கால்.

"இவரைப் பாத்துப் படிங்கய்யா" என்றார் எஸ்றா. "கடைசி. அட்டைக்கு உப்பும் புகையிலையும். இல்லாத ஆளு இங்கனயே நிக்கலாம்."

அந்த வரியைச் செந்தூர்பாண்டி படித்திருந்தான். அதை மறந்தே போயிருந்தான். மூன்று வாரம் போராடிவிட்டு ஒரு பிடி உப்பில் தோற்பதா? அதுவும் தூத்துக்குடியில்? அத்தை ஜெயித்துவிடுவாள்.

அப்போதுதான் கண்ணேறு கழித்த பொட்டலம் ஞாபகம் வந்தது. இழுத்து எடுத்துப் பிரித்தான். கல்லுப்பு. அதோடு கலந்து, பொடிப்பொடியாக நறுக்கிய புகையிலை.

கண்ணேறு கழிக்கப் புகையிலை எதற்கு? பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மெட்டில்டா எட்டிப் பார்த்துவிட்டு, ஏழாவது பெயருக்கு நேரே டிக் போட்டாள்.

"உங்க அத்தை நல்லாத்தான் நறுக்கியிருக்காவ. போன மாசம் உங்க பேரைக் கொடுத்துப் பட்டியல் வாங்க வந்தப்பவே, புகையிலையை முழுசாப் போடவா, நறுக்கிப் போடவான்னு என்கிட்ட கேட்டுட்டுத்தானே போனாவ."